தெரியல

மஞ்சக்குப்பம், புதன்கிழமை, பதினொன்றரை மணி.
இருட்டறையில் தனகோட்டி
தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.
சட்டையில் ஐஸ் பேக்டரியின் அமோனியா.

நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள்,
எங்கே ஒளி மின்னினாலும் பொத்தானை அழுத்துங்கள்.
தினம் இருபது பேருக்குச் சொல்கிறேன் இதை.
சொல்லும்போது என் வாய்
என்னைக் கேட்பதில்லை.

வலது பக்கத்து ஒளிக்கெல்லாம்
டக், டக்கென்று அழுத்தினார்.
இடது பக்கம்
மழை விட்ட ஓட்டு வீடு.
காகிதத்தில் பாதி கறுப்பாக வந்தது,
இரண்டு கண்ணுக்கும் அதே பாதி.
கண்ணில் பழுதில்லை.
பின்மண்டையில், போன ஆடியில்,
அடைத்துக்கொண்ட ஓர் இரத்தக் குழாய்.

“அந்தப் பக்கம் கறுப்பா தெரியுதா?”
“கறுப்பெல்லாம் இல்லம்மா.
உன் முதுகுக்குப் பின்னால இப்ப என்ன நெறம் தெரியுது?
அந்த நெறம்.”

ஜிப்மரிலிருந்து திரும்பிய அன்று
பாண்டி பஸ் ஸ்டாண்டில்
பஸ் கண்ணாடியில் ‘லூர்’ என்றிருந்ததாம்.
அப்படி ஓர் ஊருக்கு எவன் போவான் என்று நின்றிருக்கிறார்.
தலையைத் திருப்பிக் ‘கட’வைக் கண்டுபிடிப்பதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது.
தேவனாம்பட்டினத்தில் தெற்கு பார்த்து நின்றால்
கடல் கிடையாது, இரைச்சல் மட்டும்.
வடக்கே திரும்பினால் கடல் வந்துவிடும்,
கரையில் கட்டிய வலைகளோடு
ஊர் போய்விடும்.

கதவருகே நின்ற அஞ்சலாட்சி
என்னை வெளியே கூப்பிட்டாள்.
“நடிக்கிறாரு.
அந்தப் பக்கமாத்தான் பூனையாட்டம் போறேன்,
பீடி சட்டுனு முதுகுக்குப் பின்னால போவுது.
தெரியாத மனுசனுக்கு எதுக்கு அந்தப் பயம்?”

உள்ளே வந்து,
அவருடைய இல்லாத பாதியில்
என் பேனாவை அசைத்தேன்.
“மேலயா, கீழயா?”
“தெரியல.”
“சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க.”
“தெரியலன்னு சொல்றேன்ல...
மேல.”
மேலேதான்.
“கீழ.”
கீழேதான்.
இருபதில் பதினெட்டு சரி.
பதினெட்டும் எரிச்சலோடு,
குருட்டாம்போக்கில் சொல்கிறவனின் முகத்தோடு.

மூளைக்கு ஒரு கொல்லைக் கதவு உண்டு.
வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல்
வெளிச்சம் அந்த வழியாகவும் வரும்.
ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன்,
வரிசை எண் போட்டு.

“அவருக்குத் தெரியுதுக்கா” என்றேன் அஞ்சலாட்சியிடம்.
“தெரியுதுன்னுதான் அவருக்குத் தெரியல.”
“நீயும் அவரோட சேந்துகிட்டியா” என்றாள்.

கண்ணுக்கு ஒன்று, புத்திக்கு ஒன்று என்று
இரண்டு வினைச்சொல் வைத்திருக்கலாம் நம்மவர்கள்.
ஒன்றே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.
இத்தனை நாள்
அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை கெடிலம் பாலத்து இறக்கத்தில்
பால் கணக்கை நினைத்துக்கொண்டு வந்தேன்.
ஸ்கூட்டி தானாக வலப்பக்கம் ஒடிந்தது.
அங்கே ஒரு பள்ளம் இருந்தது உண்மைதான்.
தார் ஊற்றி மூடி இருபது நாளாகிறது.
யார் ஒடித்தது என்று
பின்னால் வந்த லாரிக்காரன் கேட்டான்,
அவனுடைய சொற்களில்.

அறிக்கையில் தட்டினேன்:
இடது பாதி, பார்வை இல்லை.
உண்டு, இல்லை,
இரண்டே கட்டம்தான் அந்தப் படிவத்தில்.

நடைவழியில் துடைக்கிற வாளி,
சரியாக அவரது இடப்பக்கம்.
பஸ் காசு கூடிப்போனதைத் திட்டிக்கொண்டே
தனகோட்டி அதைச் சுற்றிப் போனார்,
பேச்சு அறுபடாமல்.
“ஏன் வெலகுனீங்க?”
“வெலகுனனா?”

அஞ்சலாட்சி வாளியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு அவருடைய இடப்பக்கம் போய் நின்று
சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை
மெதுவாக உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் இடது கை பாதி தூரம் எழுந்தது.
எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல்
கொஞ்சம் நின்றது.
காதைச் சொறிந்துவிட்டு
இறங்கிவிட்டது.